சிப் தொழிற்சாலை வருது, சரி... சிப்பை வடிவமைக்கும் மென்பொருள் யார் கையில்?

2025 மே மாதக் கடைசியில் அமெரிக்க வர்த்தகத் துறையிலிருந்து சில நிறுவனங்களுக்குக் கடிதம் போனது. சிப் வடிவமைக்கப் பயன்படும் மென்பொருளை இனி அனுமதி வாங்காமல் சீனாவுக்கு விற்கக் கூடாது என்பது அதன் சாரம். சினாப்சிஸ், கேடன்ஸ், சீமென்ஸ் இடிஏ என்ற மூன்று நிறுவனங்கள்தான் இதில் முக்கியமானவை. ஒரு கப்பலும் நிறுத்தப்படவில்லை, ஒரு இயந்திரமும் பறிமுதல் செய்யப்படவில்லை. ஆனால் சீன சிப் நிறுவனங்களுக்கு அது கழுத்தில் கைவைத்த மாதிரி இருந்தது. சினாப்சிஸ் தன் வருமானக் கணிப்பையே திரும்பப் பெற்றுக்கொண்டது. சில வாரங்களில், ஜூலை முதல் வாரத்தில், இரு நாட்டு வர்த்தகப் பேச்சுவார்த்தையை ஒட்டித் தடை நீங்கியது.

தடை வந்தது, போனது. 'அதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?' என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. சிப் என்றாலே நம் ஊரில் பேச்செல்லாம் தொழிற்சாலையைப் பற்றித்தான். குஜராத்தின் தொலேராவில் டாடா கட்டும் ஆலைக்கு 91,000 கோடி ரூபாய், அடிக்கல் நாட்டு விழா, புகைப்படம். இதெல்லாம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த ஆலைக்குள் போகும் வரைபடத்தை எந்த மென்பொருளில் வரைகிறோம், அது யாருடையது, நாளைக்கு அவர்கள் 'இல்லை' என்றால் என்ன செய்வோம் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைப் பேச வேண்டிய நேரம் இது.

இடிஏ என்றால் என்ன?

எலெக்ட்ரானிக் டிசைன் ஆட்டோமேஷன். சுருக்கமாக இடிஏ. சிப்பை வடிவமைக்க உதவும் மென்பொருள்களுக்கு மொத்தமாக இந்தப் பெயர்.

1971-ல் வந்த இன்டெல் 4004 சிப்பில் இருந்தவை சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். அதைக் கையாலேயே வரைந்தார்கள். ரூபிலித் என்ற சிவப்புப் படலத்தைக் கத்தியால் கீறி, உரித்து, சிப்பின் அடுக்குகளை உருவாக்கிய காலம் அது. 2024-ல் என்விடியா அறிவித்த பிளாக்வெல் சிப்பில் இருப்பவை 20,800 கோடி டிரான்சிஸ்டர்கள். விநாடிக்கு ஒன்று என்று தூங்காமல் வரைந்தாலும் வரைந்து முடிக்க 6,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். மனிதக் கை அந்த இடத்திலிருந்து எப்போதோ விலகிவிட்டது.

இன்றைக்கு ஒரு பொறியாளர் செய்வது என்ன? சிப் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை வெரிலாக் மாதிரியான ஒரு மொழியில் எழுதுகிறார். 'இந்த சிக்னல் வந்தால் அந்த எண்ணைக் கூட்டு, இந்த இடத்தில் சேமி' என்கிற மாதிரி. அதைக் கோடிக்கணக்கான லாஜிக் கேட்களாக மாற்றுவது ஒரு மென்பொருள். அந்தக் கேட்களை விரல் நக அளவு இடத்தில் எங்கெங்கே வைப்பது, ஒன்றோடொன்று மோதாமல் கம்பிகளை எப்படி இழுப்பது என்று முடிவு செய்வது இன்னொன்று. சிக்னல் உரிய நேரத்துக்குள் போய்ச் சேருமா, சூடு தாங்குமா, தொழிற்சாலையின் விதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று பார்ப்பவை வேறு பல. எல்லாம் சரி என்று ஆன பிறகு, இறுதிக் கோப்பு தொழிற்சாலைக்குப் போகும். இதற்கு 'டேப்-அவுட்' என்று பெயர்.

ஏன் மூன்றே மூன்று நிறுவனங்கள்?

2024-ல் உலகம் முழுக்க விற்ற சிப்களின் மதிப்பு சுமார் 62,700 கோடி டாலர். அதே நிதியாண்டில் சினாப்சிஸின் வருமானம் சுமார் 612 கோடி டாலர், கேடன்ஸுக்கு 464 கோடி டாலர். சிப் விற்பனையோடு ஒப்பிட்டால் இது ரொம்பச் சின்னத் தொழில். ஆனால் கடுகு சிறுத்தாலும் காரம் போகாது. இந்தச் சின்னத் தொழில் நின்றால் அந்தப் பெரிய தொழிலில் புதிய சிப் எதுவும் வராது.

'ஒரு மென்பொருள்தானே, வேற யாராவது எழுதிட வேண்டியதுதானே?' என்று தோன்றும். சிக்கல் எழுதுவதில் மட்டும் இல்லை. ஒவ்வொரு சிப் ஆலைக்கும் ஒவ்வொரு தயாரிப்பு முறைக்கும் ஒரு விதிப் புத்தகம் உண்டு. பிடிகே என்பார்கள். இரண்டு கம்பிகளுக்கு இடையே குறைந்தபட்சம் எவ்வளவு இடைவெளி, ஒரு டிரான்சிஸ்டர் எந்த மின்னழுத்தத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பதெல்லாம் அதில் இருக்கும். டிஎஸ்எம்சி, சாம்சங் போன்ற ஆலைகள் புதிய தயாரிப்பு முறையை உருவாக்கும்போதே இந்த மென்பொருள் நிறுவனங்களோடு சேர்ந்து உட்கார்ந்து, அவர்களின் கருவிகளைச் சோதித்துச் சான்று தருகின்றன. புதிதாக வருகிற நிறுவனத்துக்கு வாடிக்கையாளர் இல்லாததால் விதிப் புத்தகம் கிடைக்காது. விதிப் புத்தகம் இல்லாததால் வாடிக்கையாளர் வர மாட்டார். கோழி முந்தியா, முட்டை முந்தியா கதைதான்.

அதையும் மீறி யாராவது நல்ல கருவி ஒன்றைச் செய்தால், பெரிய நிறுவனம் அதை வாங்கிவிடும். மென்டர் கிராஃபிக்ஸை சீமென்ஸ் 2017-ல் வாங்கியது. ஆன்சிஸ் நிறுவனத்தை சுமார் 3,500 கோடி டாலருக்கு வாங்கும் வேலையை சினாப்சிஸ் 2025 ஜூலையில் முடித்தது.

சரிபார்ப்பதுதான் பெரிய வேலை

சிப் வடிவமைப்பு என்றதும் வரைவதுதான் பெரிய வேலை என்று நினைப்போம். உண்மையில் நேரத்தைத் தின்பது சரிபார்ப்பு. மொபைல் ஆப்பில் தவறு இருந்தால் அடுத்த வாரம் அப்டேட் அனுப்பலாம். சிலிக்கானில் பதிந்த தவறை அப்படித் திருத்த முடியாது. முன்னணி நானோமீட்டர் அளவுகளில் மாஸ்க் தொகுப்பு ஒன்றுக்கே கோடிக்கணக்கான டாலர் ஆகும். தவறு என்றால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.

1994-ல் இன்டெலின் பென்டியம் சிப்பில் வகுத்தல் கணக்குக்கான அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டுப் போயின. அபூர்வமாக, சில எண்களுக்கு மட்டும் விடை தவறாக வந்தது. ஒரு கணிதப் பேராசிரியர் கண்டுபிடித்து வெளியே சொன்னார். சிப்பை மாற்றிக் கொடுக்க இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அன்றைய பென்டியத்தில் இருந்தவை சுமார் 31 லட்சம் டிரான்சிஸ்டர்கள்தான்.

இப்போதும் நிலைமை பெரிதாக மேம்படவில்லை. சீமென்ஸுக்காக வில்சன் ரிசர்ச் குழு 2024-ல் நடத்திய ஆய்வில், முதல் முயற்சியிலேயே சரியாக வந்த சிப் திட்டங்கள் 14 சதவீதம்தான் என்று தெரிந்தது. அதாவது ஏழில் ஒன்று. சிப்பின் அளவு வளரும் வேகத்துக்குச் சரிபார்க்கும் திறன் வளரவில்லை.

ஏஐ வந்துவிட்டதே, இனி என்ன?

இந்த இடைவெளியை ஏஐ நிரப்பும் என்பதுதான் இப்போதைய எதிர்பார்ப்பு. இதில் உண்மையும் இருக்கிறது, விளம்பரமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

2020-ல் சினாப்சிஸ் 'டிஎஸ்ஓ.ஏஐ' என்ற கருவியைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு கேடன்ஸ் 'செரிப்ரஸ்' என்ற கருவியை விட்டது. ஒரு பொறியாளர் மென்பொருளின் நூற்றுக்கணக்கான அமைப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு, வேகத்துக்கும் மின்செலவுக்கும் நடுவே நல்ல இடத்தைத் தேடுவார் அல்லவா? அந்தத் தேடலை இவை தாமாகச் செய்கின்றன. இது நடைமுறைக்கு வந்துவிட்ட விஷயம்.

2021-ல் கூகுள் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். சிப்பின் பெரிய பகுதிகளை எங்கே வைப்பது என்று ஏஐ 6 மணி நேரத்துக்குள் முடிவு செய்கிறது, மனித நிபுணர்களுக்கு இணையாகவோ மேலாகவோ செய்கிறது என்றார்கள். தங்கள் டிபியு சிப்களில் அதைப் பயன்படுத்தியதாகவும் சொன்னார்கள். ஆனால் துறையில் இருக்கும் வேறு ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் முறைகளோடு நியாயமாக ஒப்பிடவில்லை, மற்றவர்கள் செய்து பார்க்கத் தேவையான விவரங்களை முழுதாகத் தரவில்லை என்று வாதிட்டார்கள். கூகுள் தரப்பு அதற்குப் பதில் சொன்னது. சண்டை இன்னும் முழுதாக ஓயவில்லை. 'ஏஐ சிப்பை வடிவமைக்கிறது' என்று தலைப்பு பார்த்ததும் நம்பிவிடாமல், எந்த வேலையை, எதோடு ஒப்பிட்டு என்று கேட்கப் பழக வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்தது, சாட்ஜிபிடி மாதிரியான மொழி மாதிரிகள். 2023-ல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உரையாடியே ஒரு சிறிய 8-பிட் புராசஸரை வெரிலாக்கில் எழுதவைத்து, தயாரிப்புக்கு அனுப்பினார்கள். சின்ன சிப்தான், ஆனால் நடந்தது. அதே ஆண்டு என்விடியா தன் உள் ஆவணங்களையும் நிரல்களையும் கொண்டு பயிற்சி கொடுத்த 'சிப்நிமோ' என்ற மாதிரியைப் பற்றி எழுதியது.

கவனிக்க வேண்டிய இடம் இதுதான். பைத்தான் நிரல்கள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. நல்ல சிப் வடிவமைப்புகள் அப்படி இல்லை. அவை நிறுவனங்களின் பெட்டகத்துக்குள் பூட்டி இருக்கின்றன. யாரிடம் பழைய வடிவமைப்புகள் அதிகமோ, அவர்களின் ஏஐ சிறப்பாக இருக்கும். ஆக, ஏஐ வந்தால் எல்லோருக்கும் சமவாய்ப்பு என்பது இந்தத் துறையில் தானாக நடக்காது. ஏற்கெனவே முன்னால் இருப்பவர்கள் இன்னும் முன்னால் போவதற்கே வாய்ப்பு அதிகம்.

நாம் எங்கே நிற்கிறோம்?

1985-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் வடிவமைப்பு மையம் திறந்தது. அன்றிலிருந்து கணக்கிட்டால் நாற்பது ஆண்டு அனுபவம் நமக்கு இருக்கிறது. உலகின் சிப் வடிவமைப்புப் பொறியாளர்களில் சுமார் 20 சதவீதம் பேர் இந்தியாவில் இருக்கிறார்கள் என்று அரசு மேடைக்கு மேடை சொல்கிறது. கேடன்ஸின் தலைவர் அனிருத் தேவ்கன் ஐஐடி டெல்லியில் படித்தவர். வெரிலாக் மொழி பிறந்த கேட்வே நிறுவனத்தைத் தொடங்கிய பிரபு கோயல் ஐஐடி கான்பூரில் படித்தவர். திறமைக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் அந்த 20 சதவீதம் பேரில் பெரும்பாலோர் செய்வது வெளிநாட்டு நிறுவனத்தின் சிப்பை, வெளிநாட்டு மென்பொருளில் வடிவமைக்கும் வேலை. வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் நம்மிடம் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இன்ஜின் செய்யத் தெரிந்தவர்கள் இருந்தும், அவர்கள் செய்யும் இன்ஜின் வேறொருவருடையது.

பணத்தை எங்கே போடுகிறோம் என்று பாருங்கள். 2021 டிசம்பரில் அறிவித்த இந்திய செமிகண்டக்டர் திட்டத்தின் மதிப்பு 76,000 கோடி ரூபாய். அதில் வடிவமைப்பு நிறுவனங்களுக்கான ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒதுக்கியது 1,000 கோடி. 85,000 பேருக்குப் பயிற்சி தரும் 'சிப்ஸ் டு ஸ்டார்ட்அப்' திட்டத்துக்கு 250 கோடி. கல்லூரிகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் பெங்களூரு சி-டாக்கில் இருக்கும் மையம் வழியாக இடிஏ மென்பொருள் கிடைக்கிறது. இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. ஒரு சாதாரணக் கல்லூரி தன் காசில் அந்த லைசென்ஸை நினைத்தும் பார்க்க முடியாது. ஆனால் அங்கே கிடைப்பவற்றில் முதன்மையானவை அதே மூன்று நிறுவனங்களின் கருவிகள்தான். பிள்ளைகள் படிக்கிற காலத்திலேயே அந்தக் கருவிகளுக்குப் பழகி வெளியே வருகிறார்கள்.

'அமெரிக்கா நம்ம நண்பன்தானே?'

சீனாவுக்கு நடந்தது நமக்கு நடக்காது என்று சொல்பவர்கள் உண்டு. நடக்காமலும் போகலாம். ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா ஏஐ சிப் ஏற்றுமதிக்கு ஒரு விதி கொண்டுவந்தது. தடையில்லாமல் வாங்கலாம் என்று 18 நாடுகளைக் குறிப்பிட்டது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. அடுத்த அரசு வந்து மே மாதம் அந்த விதியை ரத்து செய்தது. ஆட்சி மாறினால் விதி மாறும். நட்பை நம்பி நாற்பதாண்டுத் தொழிலை அடகு வைக்க முடியாது.

சீனா சும்மா இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதிநவீன டிரான்சிஸ்டர் அமைப்புக்கான இடிஏ கருவிகளுக்கு 2022 ஆகஸ்டிலேயே அமெரிக்கா கட்டுப்பாடு போட்டது. 2023 மார்ச்சில், 14 நானோமீட்டரும் அதற்கு மேற்பட்டதுமான சிப்களுக்கு உள்நாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து கருவிகளை உருவாக்கிவிட்டதாக ஹுவாவே அறிவித்தது. அடி விழுந்த பிறகு அவசர அவசரமாகச் செய்த வேலை அது. நமக்கு இன்னும் அடி விழவில்லை. அந்த அவகாசம்தான் நம் கையில் இருக்கும் ஒரே சாதகம்.

அப்போ என்ன செய்யணும்?

முதலில் ஒரு பழைய பாடத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். மின்சுற்றுகளைக் கணித்துப் பார்க்கும் 'ஸ்பைஸ்' மென்பொருள் 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் உருவானது. யாருக்கும் மறைக்காமல் கொடுத்தார்கள். 1980 வாக்கில் கார்வர் மீடும் லின் கான்வேயும் எழுதிய பாடப்புத்தகம், சிப் வடிவமைப்பை ஆலைக்காரர்களின் ரகசியத்திலிருந்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. 1981-ல் தொடங்கிய 'மோசிஸ்' சேவை, பல மாணவர்களின் சிறு வடிவமைப்புகளை ஒரே வேஃபரில் சேர்த்துத் தயாரித்துக் கொடுத்தது. செலவை அரசு ஏற்றது. இன்றைக்கு லைசென்ஸ் போட்டு விற்கும் தொழிலின் அஸ்திவாரமே இப்படித் திறந்துவைத்த அறிவில் எழுந்ததுதான்.

அந்தக் கதவு மறுபடி கொஞ்சம் திறந்திருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்பாவின் நிதியில் 2018-ல் தொடங்கிய 'ஓப்பன்ரோட்' திட்டம், வடிவமைப்பை முழுக்கத் தானாகச் செய்யும் திறந்த மென்பொருளை உருவாக்கியது. 2020-ல் கூகுளும் ஸ்கைவாட்டர் ஆலையும் சேர்ந்து 130 நானோமீட்டருக்கான விதிப் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டன. ஜெர்மனியின் ஐஎச்பி நிறுவனமும் அப்படிச் செய்திருக்கிறது.

'130 நானோமீட்டரை வச்சு என்ன பண்றது? உலகம் 2 நானோமீட்டருக்குப் போயாச்சே' என்பது நியாயமான கேள்வி. ஐபோனுக்கு சிப் செய்ய அது உதவாதுதான். ஆனால் மின்சார மீட்டர், வாஷிங் மெஷின் மோட்டார், சார்ஜர், சென்சார் என்று நம்மைச் சுற்றியுள்ள பல சிப்களுக்கு முன்னணி அளவு தேவையே இல்லை. இஸ்ரோ 2025-ல் காட்டிய விக்ரம் 3201 புராசஸர், மொஹாலி ஆலையின் 180 நானோமீட்டர் முறையில் செய்ததுதான். ஐஐடி மெட்ராஸின் சக்தி புராசஸர் குடும்பத்திலிருந்து இஸ்ரோவுக்காக உருவான ஐரிஸ் சிப்பும் அதே மொஹாலியில்தான் தயாரானது. சக்தி எழுதப்பட்ட புளூஸ்பெக் மொழி எம்ஐடி பேராசிரியர் அர்விந்தின் ஆராய்ச்சியில் வேரூன்றியது. அதன் கம்பைலர் 2020-ல் திறந்த மென்பொருளானது. திறந்த கருவி, திறந்த ஆர்க்கிடெக்சர், நம் ஊர் ஆலை. மூன்றும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆகவே என் பார்வையில் மூன்று விஷயங்கள் அவசரம்.

ஒன்று, மொஹாலி ஆலையில் மாணவர்களுக்கான தயாரிப்பு வாய்ப்பைப் பெரிதாக்க வேண்டும். மாணவர்கள் வடிவமைத்த சில சிப்கள் அங்கே தயாராகி வந்திருப்பது நல்ல தொடக்கம். ஆனால் சில கல்லூரிகளுக்குக் கிடைக்கும் பரிசாக அது நின்றுவிடக் கூடாது. தன் வடிவமைப்பு சிலிக்கானாகக் கைக்கு வந்து, அது வேலை செய்யாமல் போனால் ஏன் என்று தேடிப் பார்த்த மாணவருக்கும், திரையில் சிமுலேஷன் மட்டும் பார்த்த மாணவருக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அந்த ஆலையின் விதிப் புத்தகத்தைத் திறந்த கருவிகளில் பயன்படுத்தும் வகையில் வெளியிடுவதையும் அரசு யோசிக்கலாம்.

இரண்டு, கருவி செய்பவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும். வடிவமைப்பு ஊக்கத்தொகை சிப் செய்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. இடிஏ மென்பொருள் செய்பவர்களுக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும். திறந்த மென்பொருள் என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. திறந்த சிப் வடிவமைப்பை உலகம் முழுக்கக் கொண்டுபோன இஃபேப்லெஸ் நிறுவனம் பணம் இல்லாமல் 2025-ல் மூடப்பட்டது. அதை நம்பி இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். இலவசமாகக் கிடைப்பதைப் பராமரிக்கவும் யாராவது சம்பளம் வாங்க வேண்டும்.

மூன்று, பாடத்திட்டம். தமிழ்நாட்டில் பல பொறியியல் கல்லூரிகளில் விஎல்எஸ்ஐ பெயரில் தனிப் பிரிவே வந்துவிட்டது. 2025 பட்ஜெட்டில் தமிழ்நாடு செமிகண்டக்டர் மிஷன் 2030 என்று 500 கோடி ரூபாய் திட்டமும் அறிவித்தார்கள். நகை அடகு வைத்து ஃபீஸ் கட்டும் பெற்றோருக்கு இதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவது 'இந்த மெனுவுக்குப் போ, அந்தப் பட்டனை அழுத்து' என்பதாக இருந்தால், ஏஐ முதலில் எடுத்துக்கொள்ளப் போவது அந்த வேலையைத்தான். டெஸ்ட்பெஞ்ச் எழுதுவது, அறிக்கையைப் படித்துப் பிழையை வகைப்படுத்துவது, ஸ்கிரிப்ட் ஓட்டுவது எல்லாம் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களின் முதல் படி. அந்தப் படியே தேய்ந்துகொண்டிருக்கிறது. நிற்கப் போவது யார்? டைமிங் ஏன் தோற்கிறது என்று அடிப்படையிலிருந்து யோசிக்கத் தெரிந்தவர், ஏஐ எழுதிய வெரிலாக் சரிதான் என்று கணித முறையில் நிரூபிக்கத் தெரிந்தவர், கிராஃப் அல்காரிதம் தெரிந்து கருவியின் உள்ளே கைவைக்கத் துணிந்தவர். இடிஏ என்பது அடிப்படையில் கணக்கு. கணக்கு நமக்கு அந்நியமான விஷயம் இல்லை. கணினி அறிவியல் துறையும் எலெக்ட்ரானிக்ஸ் துறையும் ஒரே வளாகத்தில் தனித்தனிக் கட்டடங்களில் இருந்தால் போதாது. ஒரே வகுப்பில் உட்கார வேண்டும்.

இதையெல்லாம் செய்தாலும் பத்து ஆண்டுகளில் சினாப்சிஸுக்குப் போட்டியாக ஒரு நிறுவனம் இங்கே வந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். வர வேண்டிய அவசியமும் இல்லை. நம் மீட்டருக்கும் நம் ராக்கெட்டுக்கும் தேவையான சிப்பை, யாருடைய கடிதத்துக்கும் காத்திராமல் வடிவமைத்து முடிக்கும் அளவுக்குக் கையில் கருவி இருந்தால் போதும். முன்னணி சிப்களுக்கு அந்த மூன்று நிறுவனங்களிடம் தாராளமாக வாங்கலாம். மாற்று ஒன்று இருக்கிறவரிடம் பேரம் பேசும் விதமே வேறு.

தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டும்போது நாலு பேர் வந்து படம் எடுப்பார்கள். ஒரு மென்பொருளின் பிழையைத் திருத்தும்போது யாரும் வரப்போவதில்லை. ஆனால் அடுத்த கடிதம் யார் பெயருக்கு வரும் என்று நமக்குத் தெரியாது. அதற்கு முன்னால் அந்த இரண்டாவது வேலைக்கும் பட்ஜெட்டில் ஒரு வரி எழுதிவிட வேண்டும்.